பாண்டியிலிருந்து வேளாங்கண்ணி நடை: முதல் நாளை மஞ்சக்குப்பத்தோடு நிறுத்துங்கள்

வேளாங்கண்ணியில் ஆகஸ்ட் 29 கொடியேற்றம், செப்டம்பர் 8 மாதா பிறந்த நாள் திருவிழா. அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே பாண்டி – கடலூர் ரோடு காவி உடையால் நிறைந்துவிடும். சென்னையிலிருந்து நடந்து வருகிறவர்கள் இங்கே வரும்போது பாதம் பழகியவர்கள். பாண்டியில் கிளம்புகிறவர்களுக்கோ இதுதான் முதல் நாள். வேளாங்கண்ணி போகாமல் பாதியில் பஸ் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் தோற்பது மூன்றாம் நாளில். அதற்கான காரணம் முதல் நாளிலேயே, பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவே நடந்து முடிந்திருக்கும். அதனால் இந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தைப்பூசத்துக்கு வடலூர் போகிறவர்களுக்கும் கடலூர் வரை இதே ரோடு என்றால் இதே கணக்குதான். தை மாதத்தில் வெயில் தணிவு, விடியல் அரை மணி தாமதம், அவ்வளவே வித்தியாசம்.

முதலில் தூரம். பாண்டியிலிருந்து வேளாங்கண்ணி சுமார் 160 கிலோமீட்டர். ஏழு நாளில் போனால் நாளுக்கு 23. முதல் நாள் எல்லோருக்கும் தெம்பு இருக்கும், பாட்டுச் சத்தம் இருக்கும், "இன்னும் கொஞ்சம் போய்டலாம்ணே" என்று இளைஞர்கள் இழுப்பார்கள். கடலூருக்குள் முதலில் வரும் மஞ்சக்குப்பம் தாண்டி, கெடிலம் ஆற்றுப் பாலம் தாண்டி, கடலூர் முதுநகர் வரை போய்விட்டால் மறுநாள் சிதம்பரம் பக்கம் என்று கணக்குப் போடுவார்கள். அந்தக் கூடுதல் ஐந்தாறு கிலோமீட்டர்தான் காலைத் தின்னும். மூச்சும் தொடையும் இரண்டு நாளில் பழகிவிடும். பாதத் தோலும், குதிகால் நரம்பும், முழங்கால் மூட்டைச் சுற்றியுள்ள தசைநாரும் அத்தனை வேகமாகப் பழகாது. அவை வலிக்க ஆரம்பிப்பதே நடை முடிந்து பல மணி நேரம் கழித்து. அதனால் முதல் நாளில் எப்போது நிறுத்துவது என்பதைக் காலைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது, முன்கூட்டியே முடிவு செய்து வைக்க வேண்டும்.

1930இல் காந்தி சபர்மதியிலிருந்து தண்டிக்கு நடந்தது சுமார் 385 கிலோமீட்டர், 24 நாள். முதல் நாள் அஸ்லாலி கிராமத்தோடு நிறுத்தினார்கள், 13 மைல், அதாவது 21 கிலோமீட்டர். அதே ஆண்டு ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு நடந்தவர்களும் ஏப்ரல் 13 கிளம்பி 28இல் போய்ச் சேர்ந்தார்கள், ஏறக்குறைய 240 கிலோமீட்டர். நாளுக்கு 16 தான் வருகிறது. சித்திரை வெயிலில் நடந்தவர்கள் அவ்வளவுதான் நடந்தார்கள். வருஷம் முழுக்க ஆபீசில் உட்கார்ந்துவிட்டு ஒரே நாளில் 30 நடக்கிறேன் என்று நாம் கிளம்புவது சரியில்லை.

இனி நேரம். ரயில் நிலையம் எதிரே இருதய ஆண்டவர் பசிலிக்காவிலிருந்து கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். காலை நாலு மணிக்கு முதல் அடி. ஐந்து என்று சொல்லிவிட்டுப் பூசை, போட்டோ, டீ எல்லாம் முடித்து ஆறரைக்குக் கிளம்பும் குழு பத்து மணி வெயிலில் கிருமாம்பாக்கம் பக்கம் தவித்துக்கொண்டிருக்கும். நாலு மணிக்குக் கிளம்பினால் இருட்டு முழுக்க ஊருக்குள்ளேயே, தெருவிளக்கிலேயே கழிந்துவிடும். ஏ.எஃப்.டி. மில் ரயில்வே கேட், முதலியார்பேட்டை, மரப்பாலம், முருங்கப்பாக்கம், அரியாங்குப்பம் ஆற்றுப் பாலம், மாதா கோயில் என்று வரிசையாக ஊர்தான். நோணாங்குப்பம் தாண்டிச் சுண்ணாம்பாற்றுப் பாலத்தில் ஏறும்போது மணி ஆறு அடிக்கும், கிழக்கே வெளுத்திருக்கும். பாலத்தில் ஓரம் குறைவு. லாரிக்காரர் கண்ணுக்கு நாம் தெரிகிற வெளிச்சத்தில் அதைக் கடப்பது முக்கியம். அரிக்கமேடு அரியாங்குப்பத்திலேயே, காக்காயன்தோப்பில், ஆற்றங்கரையில் இருக்கிறது. ரோமானிய வணிகத் துறைமுகம், 1945இல் மார்ட்டிமர் வீலர் தோண்டிப் பார்த்த இடம். பார்க்க வேண்டிய இடந்தான், ஆனால் இன்றைக்கு அல்ல. முதல் நாளில் மெயின் ரோட்டை விட்டுத் திரும்பும் ஒவ்வொரு கிலோமீட்டரும் இரண்டு கிலோமீட்டர்.

இடையார்பாளையம், தவளக்குப்பம் தாண்டியதும் கடைத்தெரு குறைந்து வெட்டவெளி தொடங்கும். கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், பிறகு எல்லையான முள்ளோடை. இந்த முள்ளோடையைக் காலை ஒன்பதுக்குள் கடந்துவிட வேண்டும் என்பதை மட்டும் யாருக்காகவும் தளர்த்தாதீர்கள். புதுச்சேரி எல்லைக்குள் சாராயம் விலை குறைவு என்பதால் கடலூர் பக்கத்து ஆட்கள் பைக்கில் வந்து குடித்துவிட்டுத் திரும்பும் பாதை இது. மதியத்துக்கு மேல், குறிப்பாகச் சாயங்காலமும் ராத்திரியும், இங்கே ரோட்டோரம் நடப்பது ஆபத்து. காலையில் அமைதியாக இருக்கும். பலர் மதியம் கிருமாம்பாக்கத்தில் ஓய்வெடுத்து மாலையில் இந்தப் பகுதியைக் கடக்கத் திட்டம் போடுகிறார்கள். தூரக் கணக்கில் அது சரிதான், பாதுகாப்புக் கணக்கில் தப்பு.

மணிக்கு நாலரை கிலோமீட்டர் வேகத்தில் போனால் முள்ளோடைக்குச் சுமார் 17 கிலோமீட்டர், நடை மட்டும் மூன்றே முக்கால் மணி. ஐம்பது நிமிஷம் நடை, பத்து நிமிஷம் ஓய்வு என்று வைத்தால் எட்டரை மணிக்குப் போய்விடலாம். குழுவில் வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருந்தால் வேகம் நாலுக்கு இறங்கும். அப்படியானால் மூன்றரைக்கே கிளம்புங்கள், கடைசி ஆளின் வேகத்தில் நடங்கள். கடைசி ஆள் வந்து சேரும்போது முன்னால் வந்தவர்கள் ஓய்வு முடிந்து எழுந்துவிடுவது எல்லாக் குழுவிலும் நடக்கிறது. தளர்ந்தவருக்கு ஓய்வே கிடைக்காமல் போகிறது. அவர் உட்கார்ந்த பிறகுதான் பத்து நிமிஷம் தொடங்க வேண்டும்.

முள்ளோடை தாண்டி ரெட்டிச்சாவடி. இங்கே நிழல் பார்த்து உட்காருங்கள். கோயில் மண்டபமோ கல்யாண மண்டபமோ எதுவானாலும் முந்தின நாளே போனில் அனுமதி கேட்டு வைப்பது மரியாதை. மாலை மூன்றரைக்குக் கிளம்பினால் பெரியகாட்டுப்பாளையம், தென்பெண்ணைப் பாலம், ஆல்பேட்டை வழியாக மஞ்சக்குப்பம் ஆறேழு கிலோமீட்டர்தான். வெளிச்சம் இருக்கும்போதே போய்விடலாம். பெண்ணையாற்றுப் பாலத்தில் ஒற்றை வரிசை, பேச்சில்லை, செல்போன் இல்லை, செல்ஃபி இல்லை.

ரோட்டில் எந்தப் பக்கம் நடப்பது? வலப்பக்கம். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிய வேண்டும். தெற்கு நோக்கி நடக்கிறோம் என்பதால் வலப்பக்கம் மேற்கு. மாலையில் மேற்கு ஓரத்து மரமும் கட்டடமும் நம் மேல்தான் நிழல் போடும். பெரிய கூட்டத்தைப் போலீஸ் இடப்பக்கம் ஒழுங்குபடுத்தி அனுப்பினால் அதன்படி போங்கள், ஆனால் பின்னால் வருகிறவர் முதுகில் ஒளிரும் பட்டை கட்டாயம். காவி நிறம் விடிகாலையில் பளிச்சென்று தெரியும் என்று நினைக்காதீர்கள், ஹெட்லைட் வெளிச்சத்தில் அது மண் நிறமாகத்தான் தெரியும். சைக்கிள் கடையில் கிடைக்கும் சிவப்பு மினுக்கு விளக்கு ஒன்றை வரிசையின் கடைசி ஆள் பையில் மாட்டுங்கள். ரோட்டின் விளிம்பு வெளிப்பக்கம் சரிந்திருக்கும். அந்தச் சரிவிலேயே மணிக்கணக்காக நடந்தால் ஒரு பக்க இடுப்பும் மறுபக்க முழங்காலும் இழுக்கும். வண்டி இல்லாத நேரத்தில் சமதளத்துக்கு வந்து நடங்கள்.

இப்போது பாதம். இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும்.

கொப்புளம் வருவதற்கு மூன்று காரணம்: உராய்வு, ஈரம், சூடு. மூன்றில் இரண்டைக் குறைத்தாலே போதும். புது ஷூ வேண்டவே வேண்டாம், குறைந்தது ஒரு மாதம் போட்டு நடந்ததாக இருக்கட்டும். மதியத்துக்குள் பாதம் வீங்கும், அதனால் வழக்கத்தைவிட அரை அளவோ ஒரு அளவோ பெரியது. பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும், இல்லாவிட்டால் நகம் கறுத்துப் போகும். நகத்தை நாலு நாள் முன்பே நேராக வெட்டிவிடுங்கள், கிளம்பும் நாள் வெட்டினால் ஓரம் குத்தும். பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்துக்கொண்டு ஈரத்துணியாகவே இருக்கும். விளையாட்டுக் கடையில் கிடைக்கும் பாலியெஸ்டர் கலந்த சாக்ஸ் மூன்று ஜோடி வாங்குங்கள். ஒன்று காலில், ஒன்று பைக்கு வெளியே காய்ந்தபடி, ஒன்று ராத்திரிக்கு. ஒவ்வொரு ஓய்விலும் ஷூவையும் சாக்ஸையும் கழற்றிப் பாதத்துக்குக் காற்று காட்டுங்கள். சோம்பல் பட்டுக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பவர் காலில்தான் அடுத்த ஓய்வில் கொப்புளம் இருக்கும்.

தோலில் ஒரு இடம் மட்டும் சுடுவது போலத் தோன்றும், குதிகால் ஓரத்திலோ சுண்டுவிரல் அடியிலோ. அந்தச் சூடு தெரிந்த நிமிஷமே நிற்க வேண்டும். "அடுத்த ஸ்டாப்பில் பார்த்துக்கலாம்" என்றால் அதற்குள் நீர் கோத்துவிடும். துடைத்து உலர்த்தி ஜிங்க் ஆக்சைடு பிளாஸ்டரோ மைக்ரோபோர் டேப்போ ஒட்டுங்கள், மெடிக்கல் ஷாப்பில் கேட்டாலே தருவார்கள். டேப்பின் நாலு மூலையையும் வளைவாக வெட்ட வேண்டும், கூர் மூலை சாக்ஸில் மாட்டிச் சுருளும். ஒரு சுருக்கம்கூட இல்லாமல் ஒட்ட வேண்டும், சுருக்கமே அடுத்த கொப்புளம். வாஸ்லின் தடவிய இடத்தில் டேப் நிற்காது. விரல் இடுக்குக்கு வாஸ்லின், குதிகாலுக்கு டேப் என்று பிரித்துக்கொள்ளுங்கள். போன நடையில் எந்த இடத்தில் வந்ததோ அங்கே கிளம்பும் முன்பே ஒட்டிவிடுவது நல்லது.

கொப்புளம் வந்தே விட்டால், சிறியதாக, வலியில்லாமல் இருந்தால் தொடாதீர்கள். பெரிதாகி அழுத்தினால் மட்டும் பெட்டடைன் தடவி, பாக்கெட்டில் வரும் புது ஊசியால் அடிப்பக்க விளிம்பில் குத்தி நீரை அழுத்தி எடுங்கள். மேல் தோலை உரிக்கவே கூடாது, அதுதான் இயற்கையான கட்டு. ஊசியில் நூல் கோத்துக் கொப்புளத்துக்குள்ளேயே நூலை விட்டுவைப்பது நம் யாத்திரைக் கூட்டங்களில் பழக்கமாக இருக்கிறது. நீர் வடியும் என்பது உண்மைதான், அதே நூல் வழியாக ரோட்டு அழுக்கும் கிருமியும் உள்ளே போகும். தயவுசெய்து செய்யாதீர்கள், மற்றவர் செய்தாலும் தடுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் கொப்புளத்தைத் தாங்களே குத்தவே கூடாது. பாதம் மரத்துப்போனவர்களுக்கு அந்தச் சூடே தெரியாது, அதனால் ஒவ்வொரு ஓய்விலும் ஒரு சின்னக் கண்ணாடியால் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் நடைக்கு முன் மருத்துவரிடம் அளவைப் பேசிவிடுங்கள். இத்தனை நடையில் சர்க்கரை சட்டென்று இறங்கும். கற்கண்டோ குளுக்கோஸோ பைக்குள் அல்ல, சட்டைப் பையில் இருக்க வேண்டும்.

வெறுங்காலில் நடப்பது நேர்த்தி என்றால் அதை மதிக்கிறேன். அப்படி நடப்பவர்கள் விடியலுக்கு முன் அதிகம் நடந்து ஒன்பதோடு நிறுத்திவிட வேண்டும். ஆகஸ்ட் மதியத்தில் தார் 55, 60 டிகிரிக்குப் போகும், சில நிமிஷத்தில் தோல் வெந்துவிடும். அனுபவசாலிகள் ரோட்டு ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே காலை வைத்து நடப்பதைப் பார்க்கலாம். வெள்ளைப் பெயின்ட் தாரைவிடச் சூடு குறைவு, பரப்பும் வழவழப்பு. ஆனால் மழை பெய்தால் அதே கோடு வழுக்கும். சர்க்கரை நோயாளிகளுக்கு வெறுங்கால் நேர்த்தி வேண்டாம், மாதாவிடம் வேறு நேர்த்தி சொல்லிக்கொள்ளலாம்.

பாதத்துக்கு அடுத்து தொடை உரசல். இதைப் பேச எல்லோருக்கும் கூச்சம், அதனாலேயே பலர் முதல் நாளே கால் அகட்டி நடக்கிறார்கள். வியர்வை காய்ந்து உப்பாகி மணல்தாள் போல அறுக்கும். வேட்டிக்கும் லுங்கிக்கும் உள்ளே தொடை பாதி வரை வரும் இறுக்கமான ஷார்ட்ஸ், சுடிதாருக்கு உள்ளேயும் அதேதான். கிளம்பும் முன் வாஸ்லின், முள்ளோடையில் இன்னொரு முறை. ஜீன்ஸ் வேண்டாம்.

தண்ணீர் மணிக்கு அரை லிட்டரிலிருந்து முக்கால் லிட்டர். பையில் ஒரு லிட்டர் மட்டும் சுமந்து வழியில் நிரப்பிக்கொள்ளலாம். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து. வியர்வையில் போன உப்பு திரும்பாமல் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டரில் முழுசாகக் கரைக்க வேண்டும், அரை பாட்டிலில் கொட்டிக் குடிப்பது தப்பு. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலை தட்டி அளக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் இருக்கிறது, உப்பு குறைவு, அதனால் இளநீரோடு உப்புப் போட்ட மோரும் வேண்டும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர்ந்து போனால் குடிப்பது போதவில்லை. கழிப்பறை இல்லையே என்று பெண்கள் தண்ணீரைக் குறைப்பது வழக்கம். அதுதான் மயக்கத்துக்கும் நீர்க்கடுப்புக்கும் வழி. பெட்ரோல் பங்குகளில் கழிப்பறை பொதுமக்களுக்கு இலவசம், தயங்காமல் கேளுங்கள். குழுத் தலைவர் எந்தெந்தப் பங்கில் நிற்பது என்று முன்பே பார்த்து வைத்து, ஓய்வு இடத்தை அதையொட்டி வைத்தால் அந்தக் குழுப் பெண்கள் நிம்மதியாக நடப்பார்கள்.

வழியெல்லாம் அன்போடு சாப்பாடு கொடுப்பார்கள். பொங்கலும் சாம்பார் சாதமும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு உடனே நடந்தால் குமட்டும். காலை ஆறேகாலுக்கு இரண்டு இட்லியோ வாழைப்பழமும் கடலை மிட்டாயுமோ, முள்ளோடை தாண்டியபின் நல்ல சாப்பாடு, ராத்திரி சோறு பருப்பு. தயிர்ச்சோறு வெயிலில் மணிக்கணக்கில் வண்டியில் இருந்ததா என்று பார்த்து வாங்குங்கள்.

பை உங்கள் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. மாற்றுத்துணி ஒரு செட், ரப்பர் செருப்பு, துண்டு, போர்வை, டேப், பெட்டடைன், வாஸ்லின், ஓ.ஆர்.எஸ்., பாராசிட்டமால், டார்ச், ஆதார் நகல், வீட்டு நம்பர் எழுதிய காகிதம். மற்றதெல்லாம் வண்டியில் போகட்டும், அல்லது வீட்டிலேயே இருக்கட்டும்.

ஒருவர் பேச்சுக் குழறி, நடை தள்ளாடி, உடம்பு நெருப்பாகச் சுட்டால் அது வெயில் தாக்கு, வெறும் களைப்பு இல்லை. வியர்வை இருந்தாலும் அதேதான். நிழலில் படுக்கவைத்துச் சட்டையைத் தளர்த்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108க்கு அழையுங்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கிருமாம்பாக்கம், பிள்ளையார்குப்பம் பகுதியில் ரோட்டை ஒட்டியே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன, கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை. இவை இருக்கும் முதல் நாளிலேயே உடம்பு சொல்வதைக் கேளுங்கள், அடுத்த நாட்களில் ஊர்களுக்கு நடுவே தூரம் கூடும்.

மஞ்சக்குப்பம் வந்ததும் உடனே படுக்காதீர்கள், ஐந்து நிமிஷம் மெதுவாக உலாத்துங்கள். பாதத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஐந்து பத்து நிமிஷம் குளிர்ந்த நீரில் வைத்து எடுங்கள். வெந்நீரில் உப்புப் போட்டு மணிக்கணக்கில் ஊறவைத்தால் சுகமாக இருக்கும், ஆனால் தோல் ஊறி மெத்தென்றாகி மறுநாள் எளிதில் கிழியும். விரல் இடுக்கை நன்றாகத் துடைத்துவிட்டுச் சுவரில் காலை உயர்த்திப் படுங்கள். டைக்ளோஃபெனாக், இபுப்ரோஃபென் மாதிரி வலி மாத்திரைகளைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்வது யாத்திரையில் சாதாரணமாகிவிட்டது. உடம்பில் நீர் வற்றிய நிலையில் அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும். தேவையென்றால் பாராசிட்டமால் போதும். எட்டரைக்கெல்லாம் தூங்கிவிடுங்கள், கொசு வலை அல்லது கொசு மருந்து மறக்க வேண்டாம்.

மறுநாள் கெடிலம் தாண்டித் திருப்பாதிரிப்புலியூர், முதுநகர், அதன் பிறகு குடிகாடு பக்கம் சிப்காட் தொழிற்பேட்டை. அங்கே நிழல் மிகக் குறைவு, லாரி அதிகம். ராத்திரியோடு ராத்திரியாக முதுநகர் போய்விட வேண்டாம் என்று சொல்வதற்கு இதுவும் காரணம். அலுத்த காலோடு காலை எட்டு மணிக்குச் சிப்காட்டில் நிற்பதைவிட, மஞ்சக்குப்பத்தில் முழுசாகத் தூங்கி மூன்று மணிக்கு எழுந்தால் விடியும் முன்பே முதுநகரைத் தாண்டி, வெயில் ஏறுமுன் ஆலப்பாக்கம், பொழுது சாய்வதற்குள் புதுச்சத்திரம் என்று நிதானமாகப் போய்விடலாம்.

எழுந்ததும் கால் விறைத்திருக்கும், அது சகஜம். பத்து நிமிஷம் நடந்து பாருங்கள். வலி இரண்டு காலிலும் ஒரே மாதிரி பரவி, நடக்க நடக்கக் குறைந்தால் கிளம்பலாம். ஒரே இடத்தில் குத்தி, நடக்க நடக்கக் கூடினாலோ, நொண்டினாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சிவந்து வலித்தாலோ நடக்கக் கூடாது. ஒரு கால் மட்டும் வீங்கியிருந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள். வெறும் தசைப்பிடிப்பு என்றால் திருப்பாதிரிப்புலியூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் பஸ் ஏறி, அங்கே ஒரு நாள் ஓய்வெடுத்துக் குழு வந்ததும் சேர்ந்துகொள்ளலாம். பாண்டி திரும்புவதென்றாலும் அதே பஸ் ஸ்டாண்டில் அடிக்கடி வண்டி உண்டு.